சாட்டர்ன், ஜேனஸ், வெல்லமுடியாத சூரியன்: ஆண்டுக் கடைசிக் கொண்டாட்டங்களில் ரோமின் பங்கு

ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரே மாதிரியான செய்திகள் கைபேசியில் சுற்றி வருகின்றன. கிறிஸ்துமஸ் என்பது உண்மையில் ரோமானியர்களின் சாட்டர்னேலியா திருவிழாதான் என்று ஒன்று. டிசம்பர் 25 சூரியக் கடவுளின் பிறந்தநாள், அதைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்று இன்னொன்று. ஜனவரி 1 கொண்டாடுகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஜேனஸ் என்ற இரட்டைமுகக் கடவுளை வணங்குகிறார்கள் என்று மூன்றாவது.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் ஆதாரம் ஒரே அளவில் இல்லை. அதிகம் பேசப்படும் சாட்டர்னேலியாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையிலான தொடர்புதான் இருப்பதிலேயே பலவீனமானது. யாரும் அதிகம் பேசாத ஜனவரி 1-தான் ரோமிலிருந்து நேராக நம் கைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களும் பூசாரிகள் அல்ல; கணக்கு எழுதியவர்களும் சட்டம் போட்டவர்களும்.

குழப்பம் வருவதற்குக் காரணம், தனித்தனியாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்பது:

1. இந்தத் தேதி ஏன்? வேறொரு நாளாக ஏன் இல்லை?
2. அந்த நாளில் செய்யும் வழக்கங்கள் (பரிசு, விளக்கு, விருந்து) எங்கிருந்து வந்தன?
3. அந்த நாளோடு ஒரு கடவுளின் பெயர் எப்படிச் சேர்ந்தது?

ஒரே பண்டிகையில் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு பதில்கள் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன.

முதலில் நாட்காட்டி

ரோமானியர்களே நம்பிய மரபுப்படி, அவர்களுடைய மிகப் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அதில் பத்து மாதங்கள்தான். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று பொருள். மார்ச்சிலிருந்து எண்ணினால் சரியாக வரும். ஜனவரியையும் பிப்ரவரியையும் நூமா என்ற அரசர் சேர்த்ததாகச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு இருந்த ஆண்டு 355 நாள் கொண்டது. சூரிய ஆண்டைவிடப் பத்து நாள் குறைவு. அந்த இடைவெளியை நிரப்ப அவ்வப்போது ஓர் இடைமாதத்தைச் சேர்த்தார்கள். எப்போது சேர்ப்பது என்று முடிவு செய்தவர்கள் போன்டிஃபெக்ஸ் எனப்பட்ட சமய அதிகாரிகள். அவர்கள் அரசியல்வாதிகளும்கூட. வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டலாம், வேண்டாதவர் இருந்தால் நீட்டாமல் விடலாம். இதனால் நாட்காட்டி பருவங்களை விட்டு வெகுதூரம் விலகிப் போனது.

ஜூலியஸ் சீசர் இதைச் சரிசெய்தார். விலகலை ஈடுகட்ட, கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாள் கொண்டதாக நீட்டினார். கி.மு. 45 ஜனவரி 1 முதல் 365 நாளும் நான்காண்டுக்கு ஒரு கூடுதல் நாளும் கொண்ட ஜூலியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. ஆண்டில் பகல் மிகக் குறைந்து இரவு மிக நீளும் நாளுக்குக் குளிர்காலக் கதிர்த்திருப்பம் என்று பெயர். அன்றிலிருந்து சூரியன் வடக்கே திரும்பும், பகல் வளரும். சீசரின் நாட்காட்டியில் இந்த நாளை டிசம்பர் 25 என்று வைத்திருந்தார்கள். இந்தத் தேதி பின்னால் திரும்ப வரும்.

அப்புறம் காலண்ட்ஸ் என்ற சொல். ரோமானியர்கள் மாதத்தின் முதல் நாளை அப்படி அழைத்தார்கள். ‘ஜனவரி காலண்ட்ஸ்’ என்றால் ஜனவரி 1.

ஜனவரி 1: ஸ்பெயினில் நடந்த ஒரு போர்

ரோமில் ஆண்டுகளுக்கு எண் இட்டு அழைப்பது வழக்கமில்லை. அந்த ஆண்டு பதவியிலிருந்த இரண்டு கான்சல்களின் பெயரைச் சொல்லித்தான் ஆண்டைக் குறிப்பார்கள். கான்சல் என்பது குடியரசின் மிக உயர்ந்த பதவி, ஓராண்டுக் காலம். ஆகவே கான்சல்கள் பதவியேற்கும் நாள்தான் நடைமுறையில் ஆண்டு மாறும் நாள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அது மார்ச் 15-ஆக இருந்தது.

கி.மு. 154-இல் ஸ்பெயினில் செகேடா என்ற ஊர்க்காரர்கள் தங்கள் கோட்டைச் சுவரை விரிவாக்கத் தொடங்கினார்கள். ரோம் அதை மீறலாக எடுத்துக்கொண்டு போர் அறிவித்தது. அடுத்த ஆண்டின் கான்சல் ஃபுல்வியஸ் நோபிலியர் படையோடு போக வேண்டும். மார்ச் 15-இல் பதவியேற்று, படை திரட்டி, ஸ்பெயின் போய்ச் சேர்வதற்குள் போருக்கு ஏற்ற பருவத்தில் பாதி போய்விடும். அதனால் கி.மு. 153-இல் பதவியேற்பை ஜனவரி 1-க்கு முன்தள்ளினார்கள். அந்த மாற்றம் அப்படியே நிலைத்துவிட்டது.

அந்த அவசரத்துக்குப் பலனும் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 23, நெருப்புக் கடவுள் வல்கனின் திருநாளன்று, நோபிலியரின் படை பதுங்கித் தாக்கிய எதிரிகளிடம் சிக்கி ஆயிரக்கணக்கானவர்களை இழந்தது. அதற்குப் பிறகு ரோமானியத் தளபதிகள் தாமாக விரும்பி அந்தத் திருநாளில் போரிட்டதில்லை என்று பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார்.

முதல் கேள்விக்கு, அதாவது ‘ஏன் இந்தத் தேதி’ என்பதற்கு, ஜனவரி 1-ஐப் பொறுத்தவரை பதில் இதுதான்: ஒரு நிர்வாக முடிவு. ஜேனஸுக்காக யாரும் ஆண்டை அங்கே நகர்த்தவில்லை.

ஜேனஸ் எங்கே வருகிறார்?

ஜேனஸ் வாசலின் கடவுள், தொடக்கங்களின் கடவுள். முன்னும் பின்னுமாக இரண்டு முகங்கள். ரோமானியக் கடவுள்களில் பலருக்குக் கிரேக்கத்தில் ஒரு இணை உண்டு: ஜூபிட்டருக்கு ஜீயஸ், மார்ஸுக்கு ஏரிஸ். ஜேனஸுக்கு அப்படி யாரும் இல்லை. எந்தக் கடவுளுக்குப் பூசை செய்தாலும் முதலில் ஜேனஸின் பெயரைச் சொல்லித் தொடங்குவார்கள். ரோம் நகரில் அவருடைய கோயில் கதவுகள் போர்க்காலத்தில் திறந்திருக்கும். நாடெங்கும் அமைதி நிலவினால்தான் மூடப்படும். தன் ஆட்சியில் மூன்று முறை அவற்றை மூட செனட் (ரோமின் ஆட்சிமன்றம்) ஆணையிட்டதாக முதல் பேரரசர் அகஸ்டஸ் பெருமையோடு கல்வெட்டில் பதிந்து வைத்தார்.

ஜனவரி மாதம் ஏற்கெனவே அவர் பெயரில் இருந்தது. ஆண்டின் தொடக்கம் அங்கே வந்து சேர்ந்ததும், தொடக்கத்தின் கடவுளும் ஆண்டின் முதல் நாளும் இயல்பாகப் பொருந்திக்கொண்டார்கள். கவிஞர் ஓவிட் ரோமானிய நாட்காட்டியைப் பற்றி எழுதிய நெடுங்கவிதையில் ஜேனஸே நேரில் வந்து இந்த நாளின் வழக்கங்களை விளக்குவதாக ஒரு பகுதி இருக்கிறது. அதிலிருந்து தெரிபவை:

1. அன்று நல்ல சொற்களை மட்டுமே பேச வேண்டும். தொடக்கத்தில் சகுனம் இருக்கிறது என்பது நம்பிக்கை.
2. பேரீச்சை, உலர் அத்தி, தேன் கொடுப்பார்கள். தொடங்கிய ஆண்டு இனிப்பாகவே போகட்டும் என்பதற்காக.
3. காசும் கொடுப்பார்கள்.
4. யாரும் முழு விடுமுறை எடுப்பதில்லை. அவரவர் தொழிலைக் கொஞ்ச நேரமாவது செய்வார்கள், நீதிமன்றம்கூடத் திறக்கும். முதல் நாள் சோம்பியிருந்தால் ஆண்டு முழுக்க அப்படியே போய்விடும் என்ற பயம்.

இந்தப் புத்தாண்டுப் பரிசுக்கு ‘ஸ்ட்ரேனா’ என்று பெயர். ஸ்ட்ரேனியா என்ற பெண் தெய்வத்தின் தோப்பிலிருந்து கொண்டுவந்த மரக்கிளைகள்தான் முதல் பரிசு என்று ரோமானியர்கள் சொல்லிக்கொண்டார்கள். பின்னாளில் இது மக்களிடமிருந்து பேரரசருக்குப் போகும் காணிக்கையாகவும் மாறியது. வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் சொல்வதைக் கேளுங்கள். அகஸ்டஸ் இதைப் பெற்றுக்கொண்டு, அந்தப் பணத்தில் கடவுள் சிலைகள் வாங்கி நகரின் பகுதிகளில் வைத்தார். அடுத்த பேரரசர் டைபீரியஸுக்குத் தொந்தரவு பிடிக்கவில்லை. ஜனவரி 1-க்குப் பிறகு யாரும் பரிசு கொண்டு வரக்கூடாது என்று தடுத்தார். அவருக்குப் பின் வந்த கலிகுலா அரண்மனை வாசலில் தானே நின்று காசுகளை வாங்கிக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ஆண்டுக் கடைசியில் தபால்காரருக்கும் கட்டடக் காவலாளிக்கும் கொடுக்கும் அன்பளிப்பை ‘எத்ரேன்’ என்கிறார்கள். ஸ்ட்ரேனாவின் நேரடித் தொடர்ச்சி அது. பெயர், காலம், செயல் மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கும் இப்படிப்பட்ட சான்று வேறு பண்டிகைகளுக்குக் கிடைப்பது அரிது.

சாட்டர்னேலியா: மாதத்தின் சிறந்த நாட்கள்

சாட்டர்ன் விதைப்போடும் பயிரோடும் தொடர்புடைய கடவுள். கிரேக்கரின் குரோனஸோடு சேர்த்துப் பார்க்கப்பட்டவர். அவர் இத்தாலியை ஆண்ட காலம் பொற்காலம் என்றும், அப்போது ஆண்டான் அடிமை என்ற பிரிவே இல்லை என்றும் கதை. ரோமின் ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்தில், காப்பிட்டோலின் குன்றின் அடிவாரத்தில் அவர் கோயில் இருந்தது. அதன் எட்டுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அரசின் கருவூலமும் அந்தக் கோயிலில்தான். சாட்டர்னின் சிலையின் கால்களை ஆண்டு முழுவதும் கம்பளிக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். திருவிழா அன்று மட்டும் அவிழ்த்துவிடுவார்கள்.

திருவிழா நாள் டிசம்பர் 17. இலையுதிர் கால விதைப்பு முடிந்து வயலில் வேலை குறையும் நேரம். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரில் ரோம் அடிமேல் அடி வாங்கிய காலத்தில், கி.மு. 217-ஐ ஒட்டி, பொது விருந்தோடு இந்தத் திருநாளை என்றென்றும் கொண்டாட வேண்டும் என்று ஆணையிட்டார்கள். பயந்துபோயிருந்த நகரத்துக்குத் தெம்பு கொடுக்கும் முயற்சி அது.

ஒரு நாள் விழா ஏழு நாளாக நீண்டதில் சீசரின் நாட்காட்டிக்கும் பங்கு உண்டு. ரோமானியர்கள் தேதியை வரப்போகும் காலண்ட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். பழைய நாட்காட்டியில் டிசம்பருக்கு 29 நாள். சாட்டர்னேலியா ‘ஜனவரி காலண்ட்ஸுக்கு 14-ஆம் நாள்’. சீசர் டிசம்பருக்கு இரண்டு நாள் கூட்டியதும், அதே திருநாள் 16-ஆம் நாளாகிவிட்டது. சிலர் சரியான நாளான 17-ஆம் தேதியைப் பிடித்தார்கள். சிலர் பழக்கமான ‘14-ஆம் நாள்’ என்ற எண்ணைப் பிடித்தார்கள், அது 19-ஆம் தேதியில் விழுந்தது. கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கொண்டாடினார்கள். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் மக்ரோபியஸ் என்ற எழுத்தாளர் தரும் விளக்கம் இது. எனக்கு மிகவும் நம்பத்தகுந்ததாகப் படுகிறது. அகஸ்டஸ் நீதிமன்ற விடுமுறையை மூன்று நாளோடு நிறுத்திப் பார்த்தார். மக்கள் 23-ஆம் தேதி வரை கொண்டாடினார்கள்.

விழாவில் என்ன நடந்தது?

1. டோகா என்ற முறையான மேலாடையைக் கழற்றிவிட்டு, விருந்துக்குரிய வண்ண ஆடையில் வெளியே வருவார்கள். விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் கூம்புத் தொப்பியை எல்லோரும் அணிவார்கள்.
2. மற்ற நாட்களில் சட்டம் தடைசெய்த பகடைச் சூதாட்டம் அனுமதிக்கப்படும்.
3. அடிமைகளுக்கு எசமானர்கள் விருந்து படைப்பார்கள், அல்லது ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள்.
4. சீட்டுப் போட்டு ஒருவரைத் திருவிழா ‘அரசன்’ ஆக்குவார்கள். அவர் சொல்லும் வேடிக்கையான கட்டளைகளை மற்றவர்கள் செய்ய வேண்டும்.
5. மெழுகுவர்த்தியும், களிமண்ணில் செய்த சிறு பொம்மைகளும் பரிசாகக் கொடுப்பார்கள்.

பரிசுகள் இத்தோடு நிற்கவில்லை. கவிஞர் மார்ஷியல் சாட்டர்னேலியாப் பரிசுகளோடு இணைத்து அனுப்ப ஈரடிப் பாக்கள் எழுதி இரண்டு தொகுப்பு வெளியிட்டார். பகடை, எழுதுபலகை, சீப்பு, பல்குத்தும் குச்சி, கிளி, புத்தகம் என்று பட்டியல் நீள்கிறது. பணக்காரருக்கு ஒரு பரிசு, ஏழைக்கு ஒரு பரிசு என்று மாற்றி மாற்றி வரும். தத்துவஞானி செனெகா ஒரு கடிதத்தில், முன்பு டிசம்பர் ஒரு மாதமாக இருந்தது, இப்போது ஆண்டு முழுவதும் டிசம்பராகிவிட்டது என்று யாரோ சொன்னதைச் சரியென்று ஒப்புக்கொள்கிறார். எழுத்தாளர் இளைய பிளினி தன் கடலோர மாளிகையில் ஓர் அறையை ஒதுக்கி வைத்திருந்தார். சாட்டர்னேலியாவின்போது வீட்டார் போடும் கூச்சல் கேட்காமல் படிப்பதற்காக.

அடிமைகளுக்குக் கிடைத்த ‘டிசம்பர் சுதந்திரம்’ பற்றி இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இதை ரோமின் சமத்துவ உணர்வுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. கவிஞர் ஹொராஸின் ஒரு கவிதையில் தாவுஸ் என்ற அடிமை, விழா தரும் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டு, எசமானரான ஹொராஸின் குறைகளை முகத்துக்கு நேரே அடுக்குகிறான். உண்மையில் அடிமை யார் என்றே கேட்டுவிடுகிறான். கவிதை எப்படி முடிகிறது? கல்லை எடு, அம்பை எடு என்று எசமானர் கத்துகிறார். உடனே போகாவிட்டால் பண்ணை வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார். சில நாள் தளர்த்திய கயிறு அது, அவிழ்த்த கயிறு அல்ல. விழா அரசன் விளையாட்டும் எப்போதும் வேடிக்கையாக முடியவில்லை. இளம் பேரரசர் நீரோவுக்கு ஒரு சாட்டர்னேலியாவில் அரசன் சீட்டு விழுந்தது. தன் போட்டியாளனான சிறுவன் பிரிட்டானிகஸை எல்லோர் முன்னும் பாடச் சொன்னார். அவன், தந்தையின் இடத்தை இழந்து வெளியே தள்ளப்பட்டதைப் பற்றிப் பாட, சபை இரங்கியது. சில வாரங்களில் பிரிட்டானிகஸ் விருந்து மேசையில் நஞ்சுண்டு இறந்தான் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்கிறார்.

சாட்டர்னேலியாதான் கிறிஸ்துமஸா?

இல்லை என்று சொல்லப் பல காரணங்கள் இருக்கின்றன.

1. தேதி பொருந்தவில்லை. சாட்டர்னேலியா 17-இல் தொடங்கி 23-இல் முடிகிறது. 25 அதன் எல்லைக்கு வெளியே.
2. தொடக்க நூற்றாண்டுகளின் கிறிஸ்துமஸ் வழிபாட்டு நாள் மட்டுமே. அந்த நாளில் பரிசு கொடுக்கும் பழக்கம் அப்போது இல்லை.
3. இன்றைய கிறிஸ்துமஸ் பரிசுப் பழக்கத்துக்கு நெருக்கமான முன்னோடி புனித நிக்கோலாஸின் நாளான டிசம்பர் 6. பிள்ளைகளுக்கான பரிசுத் திருநாளாகக் கிறிஸ்துமஸ் இன்றைய வடிவத்தை எடுத்தது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில்.
4. கிறிஸ்துமஸ் மரம் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் பேசும் பகுதிகளில் தோன்றியது. ரோமில் வீட்டு வாசலில் இலைதழை கட்டினார்கள் என்பது உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி.

சாட்டர்னேலியா அரசனை விழா முடிவில் பலியிட்டார்கள் என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் டானூப் ஆற்றங்கரைப் படைமுகாமில் கொல்லப்பட்ட டாசியஸ் என்ற கிறிஸ்தவ வீரரைப் பற்றிய, பின்னாளில் எழுதப்பட்ட ஒரு புனிதர் வரலாறு மட்டும்தான். சாட்டர்னேலியாவை நேரில் கண்டு எழுதிய எந்த ரோமானியரும் அப்படிச் சொல்லவில்லை.

சரி, விருந்து, விளக்கு, பரிசு, வேலை நிறுத்தம் என்று இவ்வளவு ஒற்றுமை எதனால்? குளிர் நாடுகளில் அறுவடை முடிந்து, களஞ்சியம் நிறைந்து, வயல் வேலை ஓய்ந்து, இரவு நீளும் காலம் அது. அந்த நேரத்தில் கொண்டாட எந்த மக்களுக்கும் தனித்தனியாகவே காரணம் இருக்கிறது. ஒத்திருப்பதாலேயே ஒன்று இன்னொன்றிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது.

டிசம்பர் 25: சூரியனா, கணக்கா?

இங்கே ஆதாரங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது.

1. கி.பி. 200-ஐ ஒட்டி கிறிஸ்தவ அறிஞர் அலெக்சாந்திரியாவின் கிளமென்ட், இயேசு பிறந்ததாகப் பலர் சொல்லும் தேதிகளைக் குறிப்பிடுகிறார். அவற்றில் டிசம்பர் 25 இல்லை.
2. கி.பி. 274-இல் பேரரசர் அவ்ரேலியன் ரோமில் ‘சோல் இன்விக்டஸ்’, அதாவது வெல்லமுடியாத சூரியனுக்குப் பெரிய கோயில் எழுப்பினார். அதை டிசம்பர் 25-இல் திறந்தார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அக்காலச் சான்று எதிலும் அந்தத் தேதி இல்லை.
3. கி.பி. 354-இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டி நூலின் படிகள் கிடைத்திருக்கின்றன. அதில் டிசம்பர் 25-க்கு நேரே ‘வெல்லமுடியாதவரின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள்’ என்ற குறிப்பு இருக்கிறது.
4. அதே நூலின் இன்னொரு பகுதியில், அதே தேதிக்கு, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்ற குறிப்பும் இருக்கிறது. அந்தப் பட்டியல் கி.பி. 336-ஐச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள்.

இரண்டு பிறந்தநாளும் ஒரே நூலில், ஒரே தேதியில்தான் நமக்கு முதன்முதலாகத் தெரிய வருகின்றன. எது முந்தியது என்று இந்தச் சான்றை வைத்து முடிவு கட்ட முடியாது. ‘சூரியன் விழாவைத் திருச்சபை எடுத்துக்கொண்டது’ என்று தெளிவாகச் சொல்லும் குறிப்பு, 12-ஆம் நூற்றாண்டு சிரியக் கைப்பிரதி ஒன்றின் ஓரத்தில் எழுதப்பட்டது. சம்பவத்துக்கு எண்ணூறு ஆண்டு பின்னால்.

மாற்று விளக்கம் ஒன்றும் உண்டு. இயேசு மார்ச் 25-இல் இறந்தார் என்று மேற்கத்தியக் கிறிஸ்தவர்கள் கி.பி. 200 அளவிலேயே கணக்கிட்டிருந்தார்கள். கருவில் வந்த நாளும் இறந்த நாளும் ஒன்றே என்ற நம்பிக்கையோடு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6 என்று கணக்கிட்டவர்களுக்கு ஜனவரி 6 வரும். அங்கே பிறப்பு விழா அந்த நாளில்தான் இருந்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ஐக் கடைப்பிடிக்கிறது. இந்த விளக்கத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு: கணக்கை இப்படி வெளிப்படையாக எழுதியவர்கள் விழா நிலைபெற்ற பிறகு வந்தவர்கள்.

என் முடிவு இது. டிசம்பர் 25 முதலில் சீசரின் நாட்காட்டியில் கதிர்த்திருப்பத்தின் தேதி. மார்ச் 25 அதே நாட்காட்டியில் பகலிரவு சமமாகும் தேதி. சூரிய பக்தர்களும் கிறிஸ்தவர்களும் இந்த இரண்டு தேதிகளையும் ஒரே நாட்காட்டியிலிருந்துதான் எடுத்தார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் மக்கள் மனதில் கலந்து கிடந்தன என்பது மட்டும் நிச்சயம். 5-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை லியோ, புனித பேதுரு ஆலயத்துக்கு வருகிறவர்கள் படியில் நின்று, திரும்பி, உதிக்கும் சூரியனை வணங்கிவிட்டு உள்ளே நுழைகிறார்கள் என்று கடிந்து பேசியிருக்கிறார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜூலியன் ஆண்டு உண்மையான சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நிமிடம் நீளம். அதனால் 4-ஆம் நூற்றாண்டிலேயே உண்மையான கதிர்த்திருப்பம் டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்துவிட்டது. மக்கள் 25-ஐ விடவில்லை. தை முதல் நாளை நாம் உத்தராயணத் தொடக்கம் என்று கொண்டாடுவதும் இப்படித்தான்: வானில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். காரணம் வேறு, நம் ஆண்டு நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கப்படுகிறது. ஆனாலும் வானம் நகர்ந்த பிறகு பண்டிகை பழைய இடத்திலேயே இருப்பது இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது.

திருச்சபை ஒழிக்க முயன்ற புத்தாண்டு

ரோமானிய விழாக்களில் கிறிஸ்தவ காலத்திலும் உயிரோடு இருந்தது ஜனவரி காலண்ட்ஸ்தான் என்பதற்குச் சாட்சிகள், அதை எதிர்த்தவர்களே.

கி.பி. 400-இல் இன்றைய துருக்கியிலிருந்த அமாசியாவின் ஆயர் அஸ்டீரியஸ், காலண்ட்ஸ் அன்று வீடு வீடாக வந்து காசு கேட்டு நச்சரிப்பவர்களைப் பற்றிப் புலம்புகிறார். அந்தியோக்கியாவில் கிரிசோஸ்டமும், வட ஆப்பிரிக்காவில் அகஸ்டினும் அந்த நாளுக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார்கள். கி.பி. 567-இல் பிரான்ஸின் தூர் நகரில் கூடிய ஆயர் சபை, காலண்ட்ஸ் வழக்கத்தை நசுக்க ஜனவரித் தொடக்கத்து மூன்று நாட்களில் மன்றாட்டுப் பாடல்கள் நடத்தச் சொன்னது. அதே நூற்றாண்டில், இன்றைய போர்ச்சுகலில், பிராகாவின் ஆயர் மார்ட்டின், காலண்ட்ஸுக்கு வீட்டைச் சுற்றிப் பசுந்தழை கட்டக்கூடாது என்று தடுத்தார். கி.பி. 692-இல் கான்ஸ்டான்டினோபிள் சபை காலண்ட்ஸையும் அதைச் சார்ந்த ஆட்டங்களையும் வேடங்களையும் மறுபடி தடைசெய்தது. முந்நூறு ஆண்டாகத் தடை போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றால், மக்கள் முந்நூறு ஆண்டாகக் கேட்கவில்லை என்று பொருள். சாட்டர்னேலியாவை இவ்வளவு காலம் இவ்வளவு பேர் துரத்தவில்லை. துரத்த வேண்டிய அளவுக்கு அது மிஞ்சியிருக்கவில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் ஆண்டு எண் மாறும் நாளை ஜனவரி 1-இலிருந்து பல இடங்களில் நகர்த்திவிட்டார்கள். வெனிஸில் மார்ச் 1. இங்கிலாந்திலும் ஃப்ளோரன்ஸிலும் மார்ச் 25. பைசாந்தியத்தில் (கிழக்கு ரோமானியப் பேரரசில்) செப்டம்பர் 1. ஆனால் வழக்கம் எண்ணோடு போகவில்லை. டியூடர் கால இங்கிலாந்தில் ஆண்டு எண் மார்ச் 25-இல்தான் மாறும். அரசருக்குப் புத்தாண்டுப் பரிசு கொடுப்பதோ ஜனவரி 1-இல். ரோமில் அகஸ்டஸுக்குக் கொடுத்த அதே நாளில்.

பிறகு ஒவ்வொரு நாடாக எண்ணையும் ஜனவரி 1-க்குத் திருப்பின. பிரான்ஸில் 1564-இல் வந்த அரசாணை, ஸ்காட்லாந்தில் 1600, ரஷ்யாவில் 1700. இவற்றிலிருந்து வேறான இன்னொரு மாற்றம் 1582-இல் திருத்தந்தை கிரெகரி செய்தது: சேர்ந்துபோன 11 நிமிடப் பிழையைச் சரிசெய்ய, அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. இங்கிலாந்து இரண்டு மாற்றத்தையும் ஒன்றாக 1752-இல் செய்தது. அந்த ஆண்டு ஜனவரி 1-இல் தொடங்கியது, செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது.

அந்தச் சட்டம் ஆசியாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட இடங்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. தமிழ்நாட்டு வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். 1752 வரை சென்னையிலிருந்த ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரரும் 11 நாள் வித்தியாசத்தில் தேதி எழுதினார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னை வீழ்ந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. ஆண்டு எண்ணிலும் அதே கவனம் தேவை: அந்தக் காலத்து ஆங்கில ஆவணம் ஒன்றில் 1740 பிப்ரவரி என்று மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் நம் கணக்கில் 1741 பிப்ரவரி.